கூட்டிப் பெருக்கிய தோட்டம்

மேரு, கிள்ளான்
6 மார்ச் 2024

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று நினைப்பீர்கள். சுரேகா என் போனை எடுப்பதில்லை. உங்களுக்கு அடித்தால், அந்த ஃபிளாட்டில் ஒருவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவள் நான். அது எனக்கே ஒருநாள் தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

சுரேகா சாப்பிடுகிறாளா? கால் வீக்கம் குறைந்ததா? பிந்துலுவில் வேலையாக இருக்கும் விமலனைக் கேட்டால் "எல்லாம் ஓகேம்மா" என்கிறான். வீடு பற்றி எரிந்தாலும் என் மகன் அதைத்தான் சொல்வான்.

வளைகாப்பு அன்று நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். மருமகளை மாமியார் ஒரு வார்த்தை சொல்வது எந்த வீட்டில்தான் இல்லை? இருந்தாலும் நான் எதற்குக் கத்தினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் ஃபிளாட்டில் இருப்பவர்கள், தோட்ட வேலை அவ்வளவாகப் பழக்கம் இருக்காது.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் கத்திரி, வெண்டை, மிளகாய், பாகல் போட்டிருந்தேன் அல்லவா? அன்று காலை அந்தச் செடிகளின் அடியிலிருந்து கூட்டி எடுத்தது குப்பை இல்லை. அதற்கு மூடாக்கு என்று பெயர். முதலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து நனைத்துப் பரப்ப வேண்டும். அதன்மேல் வெட்டிக் காயவைத்த லாலான் புல், காய்ந்த இலை, தேங்காய் மட்டை எல்லாம் போட்டு மூடிவிட வேண்டும். வெயில் மண்ணைத் தொடாது. களை வராது. தண்ணீர் வெட்டுக் காலத்திலும் உள்ளே கை வைத்தால் ஈரம் இருக்கும். மழை பெய்யாத இந்த மாதங்களில் என் செடிகள் பிழைத்துக் கிடந்தது அதனால்தான்.

மூடாக்கு போட்ட இடத்தில் மெல்லிய வேர்கள் மேலே ஏறி வந்துவிடும். ஈர்க்கு விளக்குமாற்றால் சுரண்டிக் கூட்டினால் அவையும் சேர்ந்தே அறுந்துவிடும். கத்திரி அன்று சாயங்காலமே தலையைத் தொங்கப்போட்டது. அடுத்து மிளகாய். வெண்டை மட்டும் மொட்டையாக நிற்கிறது. மூடாக்கைத் திரும்ப எடுத்துப் போடலாம் என்றால், கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பை லோரியில் ஏற்றியாகிவிட்டது.

உங்கள் மகள் இங்கே இருந்த நாள்களில் ஒரு தடவைகூட அந்த விளக்குமாற்றைத் தொட்டதில்லை. அன்றைக்கு மட்டும் எடுத்திருக்கிறாள். அதுதான் எனக்கு விளங்கவில்லை. அவள் பக்கத்தில் இருப்பதால் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அமுதவள்ளி

*

பிரிக்பீல்ட்ஸ்
14 மார்ச் 2024

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுரேகா சுகம். பிரஷர் கொஞ்சம் கூடத்தான். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கதைப்பதையும் சேர்த்துக் குறைத்துவிட்டாள் போலிருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், கேட்டால் "ம்" என்கிறாள். நீங்கள் போட்டுவிட்ட வளையல்களைக் கழற்றவில்லை. அவள் எந்த அறையில் நடக்கிறாள் என்று அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிகிறது.

செடிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு தரம் வாசித்தேன். வெண்டையாவது பிழைக்குமா? வேர் அறுந்தால் மறுபடி வராதா? காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் பயன் உண்டா? எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நாங்கள் வளர்ந்தது எப்போதும் அரசாங்கக் குவார்ட்டர்ஸில்தான். வாசலில் ஒரு இலை கிடந்தாலும் அம்மாவுக்குப் பொறுக்காது. கூட்டின தடம் மண்ணில் தெரிய வேண்டும் என்பார்.

ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை வயிற்றோடு நிற்கிற ஒருத்தியை, அவள் கையில் வளையல் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில், "சொல்லிக்குடுக்க ஆள் இல்லாம வளந்தா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்வது சரியா? அவள் செய்தாளா என்று ஒருமுறை கேட்டிருக்கலாமே.

அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கிறேன்.

நேசம்மா

*

மேரு, கிள்ளான்
20 மார்ச் 2024

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வேர் அறுந்த கத்திரிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வீண்தான். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். விமலனின் அப்பா, "விடு லா, பாசார்ல கிலோ வாங்கிக்கலாம்" என்றார். அவர் ஆயுசில் ஒரு செடி நட்டதில்லை. ஆனாலும் மறுநாள் எங்கிருந்தோ நான்கைந்து அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து பின்கதவருகே போட்டார். நான் இன்னும் அவற்றைத் தொடவில்லை. மறுபடி பரப்ப மனம் வரவில்லை.

அவளைக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் சொல்லியிருப்பாளா? அன்று அவள் வாயே திறக்கவில்லை. செய்யாதவள் "நான் செய்யல மாமி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? பந்தலில் அத்தனை பேர் இருந்தார்கள். யாருக்காவது உண்மை தெரிந்திருந்தால் அவர்களாவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்து என் செடியைச் சுத்தம் செய்கிற அளவுக்கு யாருக்கு என்ன அவசரம் வந்தது என்று மட்டும்தான் தெரிய வேண்டும். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

அமுதவள்ளி

*

பிரிக்பீல்ட்ஸ்
29 மார்ச் 2024

அன்புள்ள அமுதவள்ளி அம்மாவுக்கு,

அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. கூட்டினது நான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்கு எத்தனை தாள்களைக் கிழித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

முதல்நாளே வந்து உங்கள் வீட்டில் தங்கியிருந்த நான் வளைகாப்பு அன்று விடிந்ததும் எழும்பினேன். முன்பக்கம் பந்தல் போட்டு அடைத்திருந்தபடியால் வருகிற ஆள்கள் எல்லாரும் பக்கவாட்டுக் கேட்டால்தான் வர வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தேன். நூடுல்ஸ் பெட்டி அட்டை, கருகின புல், மட்டை, இலை. எனக்குக் குப்பை மேடு போலத்தான் தெரிந்தது.

அந்த வழியாக என் அண்ணர் வல்லிபுரம் நடந்து வரப்போகிறார் என்று நினைத்தேன். இந்தக் கலியாணம் பேசினபோது அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு இதுவரை நான் சொன்னதில்லை. "லயத்துச் சனத்துக்கே பெட்டையைக் குடுக்கிறாய்?" என்று கேட்டார். எஸ்டேட் லயன் வீடுகளில் இருந்து கூலி வேலை செய்தவர்களின் வம்சம் என்று உங்களைச் சொன்னார். நான் சண்டை பிடித்து இந்தக் கலியாணத்தைச் செய்து வைத்தேன். அதை இன்றும் பெருமையாக நினைக்கிறேன். ஆனால் அன்று காலை அந்தக் கேட்டடியில் நின்றபோது, அண்ணர் சொன்னது சரியாகிப் போகுமோ என்று பயந்தேன். என் மகள் வாழ்கிற வீட்டை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா, உங்களை நினைத்து வெட்கமாக இருந்தது. அதனால்தான் விளக்குமாற்றை எடுத்தேன்.

உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதவி என்றால் உங்களை எழுப்பிக் கேட்டிருப்பேனே.

பிறகு நீங்கள் பேசினீர்கள். "நான்தான் கூட்டினேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணர் எனக்கு எதிரே கதிரையில் இருந்தார். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று எப்படிச் சொல்வது? கேசரி பரிமாறிக்கொண்டிருந்தேன். அடுத்த தட்டுக்குப் போய்விட்டேன். என் பிள்ளை தலை குனிந்து இருந்தாள். நான் கரண்டியோடு நகர்ந்து போனேன்.

என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்.

நேசம்மா

*

மேரு, கிள்ளான்
4 ஏப்ரல் 2024

நேசம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. தோட்டம் முழுவதும் அதிலிருந்து தெரியும்.

அக்கா, எனக்குத் தெரியும். அன்று காலையே தெரியும். அரிசி களைய வந்தபோது பார்த்தேன். நீங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தீர்கள். கத்திரிப் பாத்தி முடிந்திருந்தது. மிளகாய்ப் பக்கம் இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்து "அக்கா, வேண்டாம்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் பாதித் தோட்டம் பிழைத்திருக்கும். நான் கொடுக்கவில்லை. நீங்கள் மூக்கைப் பொத்தியிருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. செய்யட்டும், எவ்வளவு தூரம் போகிறார்கள் பார்ப்போம் என்று நின்றுவிட்டேன். நானே நட்டு வளர்த்த செடியைவிட எனக்கு அந்த வீம்பு பெரிதாகப் போய்விட்டது.

சம்பந்தியை நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொன்னால் அது சண்டை. பந்தலிலேயே இரண்டு குடும்பமும் பிரிந்துவிடும். மருமகளைச் சொன்னால் வீட்டு விஷயம், யாரும் குறுக்கே வர மாட்டார்கள். நம் பெண்களுக்கு இது யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. ஒருத்தியைப் பார்த்துப் பேசினால் இன்னொருத்திக்குப் போய்ச் சேரும். ஜாடையாகத்தான் பேசினேன். "சொல்லிக்குடுக்க ஆள் இல்லாம" என்று நான் சொன்ன ஆள் நீங்கள். அவள் முகத்தைப் பார்த்து உங்களுக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எழுதிய இரண்டு கடிதங்களிலும் அதையே செய்தேன். எடுத்துப் படித்தால் உங்களுக்கே புரியும். "கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதும்போது எனக்கு உள்ளூரத் திருப்தியாகக்கூட இருந்தது. ஆசிரியராக இருந்தவள். வகுப்பில் ஒரு பிள்ளை செய்த தப்புக்கு இன்னொரு பிள்ளையை ஒருநாளும் எழுப்பி நிறுத்தியதில்லை.

சுரேகா அப்போது என்னைப் பார்த்தாள். பிறகு உங்களைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

எனக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கு வெட்கம் என்றீர்கள். யாருடையது பெரியது என்று எடை போட்டுப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

அமுதவள்ளி

*

பிரிக்பீல்ட்ஸ்
25 ஏப்ரல் 2024

அன்புள்ள அமுதவள்ளிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் போனை எடுத்துவிட்டேன். நம்பரை அழுத்துவதற்குள் சுரேகா அறையிலிருந்து வந்துவிட்டாள், வைத்துவிட்டேன். பார்த்துக்கொண்டே நின்றீர்களா என்று கேட்க நினைத்தேன். பிறகு என்னையே கேட்டேன். நானும் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

அதற்குள் வலி வந்துவிட்டது. மற்றதெல்லாம் நீங்களும் இருந்து பார்த்ததுதான். ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள், பேத்தியைக் கண்ணாடித் தொட்டிலில் பார்த்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பிள்ளையின் மூக்கு தன்னுடையது என்று நர்ஸிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் உள்ளே வந்தபோது சுரேகா நித்திரை. உண்மையில் நித்திரை இல்லை. அது உங்களுக்கும் தெரிந்தது என்று உங்கள் முகத்தில் பார்த்தேன். காரிடாரில் நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, அப்போதே என் மனதில் இருந்ததெல்லாம் போய்விட்டது.

நான் உங்களை மன்னித்துவிட்டேன். நீங்களும் என்னை மன்னியுங்கள். இனி நாங்கள் இரண்டு அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் போல இருப்போம். நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, நித்திரை இல்லை, பிள்ளை அழுகிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் காரிடாரில் தக்காளி இரண்டு தொட்டி வைத்தேன். நடுப்பகல் வெயிலில் வாடிவிடுகிறது. மூடாக்கு தொட்டிக்கும் போடலாமா?

நேசம்மா

*

மேரு, கிள்ளான்
1 மே 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். நான் உங்களை மன்னிக்க என்ன இருக்கிறது, ஆனாலும் நீங்கள் கேட்டதால் மன்னித்தேன். அத்தோடு முடிந்தது.

தொட்டிக்கும் தாராளமாகப் போடலாம். மண் நன்றாக நனைந்த பிறகு போடுங்கள், காய்ந்த மண்ணை மூடினால் பயன் இல்லை. தண்டை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும். பச்சைப் புல் வேண்டாம், சூடு ஏறும். விமலன் லீவில் வந்திருக்கிறான் அல்லவா, அவன் கையில் ஒரு மூட்டை காய்ந்த லாலான் கொடுத்து அனுப்புகிறேன். காரில் ஏற்ற மூஞ்சியைத் தூக்குவான், விடாதீர்கள். நானும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பிவிட்டேன். நாற்று நட்டிருக்கிறேன்.

உங்கள் பக்கம் முப்பத்தோராம் நாள் பிள்ளைத் தீட்டை, நீங்கள் சொல்கிற துடக்கைக் கழிப்பீர்கள் என்று விமலன் சொன்னான். நானும் அவரும் காலையிலேயே வந்துவிடுவோம். என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று எழுதுங்கள். பிள்ளைக்கு வளையல், சுரேகாவுக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். பழையதெல்லாம் மறந்து சந்தோஷமாக இருப்போம்.

அமுதவள்ளி

*

பிரிக்பீல்ட்ஸ்
9 மே 2024

அமுதவள்ளி,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சுரேகாவிடம் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல செய்தி சொல்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே போனேன். கூட்டினது நான் என்று மாமிக்குச் சொல்லிவிட்டேன், மாமி ஜாடையாகப் பேசினதை எனக்குச் சொல்லிவிட்டார், எல்லாம் முடிந்தது, நானும் மாமியும் சமாதானம் என்றேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், எங்கள் வீட்டுப் பேச்சுகூட அவளுக்கு இப்போது வருவதில்லை, உங்கள் வீட்டுப் பேச்சுத்தான்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் லெட்டர் போட்டு சோரி சொல்லிக்கிட்டீங்க. ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சிட்டீங்க. சந்தோஷம். என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே."

நான் கடிதத்தை மடித்தேன். அவள் நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நான் வாயத் திறந்தா நீங்க மாட்டிக்குவீங்க. திறக்கலன்னா நான் வளர்ப்பு சரியில்லாதவ. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்மா. நீங்க அடுத்த ஆளுக்கு கேசரி வச்சீங்க."

துடக்குக் கழிப்புக்கு யாரும் வர வேண்டாம் என்கிறாள். மாமா வல்லிபுரம் வேண்டாம், மாமி வேண்டாம், நானும் சும்மா இருந்தால் போதுமாம். விமலன் அவளோடு கதைத்துப் பார்த்தான். அவனிடமும் "உங்க அம்மா கொடுத்த மூட்டைய முதல்ல வெளிய வை" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக ஒரே வீட்டில் இருக்கிறேன். சோறு போட்டேன், பத்தியம் காய்ச்சினேன், முதுகுக்கு எண்ணெய் தேய்த்தேன். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனே, அவள் அடுத்த அறையில்தானே இருந்தாள்.

இப்போது கேட்கப் போனாலும் அவள் அறை வாசலோடு திரும்பி வந்துவிடுகிறேன். நீங்கள் ஆசிரியர், உங்களுக்கு வார்த்தை வரும். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதித் தருவீர்களா? நான் அப்படியே வாசித்துவிடுகிறேன்.

நேசம்மா

*

மேரு, கிள்ளான்
13 மே 2024

அக்கா,

எழுதித் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள சுரேகாவுக்கு" என்று தொடங்கினால் அழகாகத்தான் வருகிறது. படித்துப் பார்த்தால் என்னை நானே நல்லவளாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கசக்கிப் போட்டேன். அன்று நான் எழுதியா அனுப்பினேன்? வாயால், அத்தனை பேர் காதில் விழும்படி சொன்னேன். அதை எழுத்தில் திருப்பிக் கொடுத்தால் அது பாதிதான்.

நாம் எழுதிக்கொண்டதை நினைத்தால் கூசுகிறது. அவளைப் பற்றித்தான் எல்லாக் கடிதமும். அவளுக்கு ஒன்றுகூட இல்லை. முதலில் ஜாடையாகத் திட்டினோம், பிறகு ஜாடையாகவே மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். புடவை எடுத்து வைத்திருக்கிறேன் என்று வேறு எழுதினேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

சனிக்கிழமை காலை கொமுட்டர் ரயிலில் வருகிறேன், துடக்குக் கழிப்புக்கு இல்லை. அவர் வரவில்லை, நான் மட்டும்தான். சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடுவேன், கூட்டிப்போக யாரும் வர வேண்டாம். புடவை, வளையல் எதுவும் கொண்டு வரவில்லை. பிள்ளையைக் கொடு என்று கேட்க மாட்டேன். அவள் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். போகச் சொன்னால் போய்விடுகிறேன்.

உங்கள் அண்ணன் முன்னால் பேசியதை அவர் முன்னாலேயே தப்பு என்று சொல்ல எனக்குச் சம்மதம். அப்போது நீங்களும் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும், அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாமாக அவரை வரச் சொல்லிவிட வேண்டாம். அவள் விருப்பம் என்ன என்று கேளுங்கள்.

நான் வருவதையும் இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். மணி அடித்ததும் நீங்கள் ஓடி வந்து கதவைத் திறக்காதீர்கள். திறக்கலாமா என்று அவளைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் திறக்காதீர்கள்.

அமுதவள்ளி